உங்கள் படத்தின் கண்ணாடியில்

கிரிவலத்தில் எப்போதும் கொஞ்சம் முன்னால் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கும் உங்களுக்கு,

உங்கள் நினைவு நாளுக்கு நான் ஆண்டுதோறும் எழுதும் கடிதத்தில் மழை இருக்கும், மல்லிகைக் கொடி இருக்கும், யார் வீட்டுக் கல்யாணம் என்ற செய்தி இருக்கும். நம் ஊர்ப் பத்திரிகையும் அதை ஒரு மூலையில் போட்டுவிடும். இந்த முறை சுதாவைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும்.

நீங்கள் போன மறு வருஷம் அவளுக்குக் கல்யாணம் செய்து புனேவுக்கு அனுப்பினேன். மாப்பிள்ளையை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"போன் பில் ரொம்ப ஜாஸ்தியா வருது, அத்தை. ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர்லயே முகம் பார்த்துப் பேசிடுங்களேன்" என்றார் அவர். எவ்வளவு அக்கறை என்று எதிர்வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அன்றிலிருந்து ஞாயிறு காலையில் ஆட்டோ பிடித்துச் செங்கம் ரோட்டு பிரவுசிங் சென்டருக்குப் போகிறேன். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவரவர் வீட்டோடு பேசுவார்கள். நடுவில் காதில் ஹெட்போனோடு நான்.

திரையில் சுதாவின் முகம். அவளுக்குப் பின்னால் சுவரில், சந்தன மாலையோடு உங்கள் படம். ஒவ்வொரு வாரமும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அப்பா தெரியறாராம்மா?" தெரிகிறார் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவேன். ஒரு வாரம் நாற்காலியைக்கூட நகர்த்தி, "இப்ப? இப்ப நல்லாத் தெரியறாரா?" என்றாள். அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று கண் துடைத்துக்கொண்டேன்.

உங்கள் ஆல்பம் ஞாபகம் இருக்கிறதா? ஸ்கேல் வைத்து அளந்து, ஓரம் பிசகாமல் ஒட்டுவீர்கள். உங்களுக்குப் பிறகு நான் ஒட்டிய சுதாவின் கல்யாணப் படங்களோடு அது நின்றுபோயிருந்தது. அவள் போட்டோ அனுப்புவதில்லை. திரையில் தெரியும் முகத்தையே எடுத்து வைக்க முடியுமா என்று சென்டர் நடத்தும் குமுதாவைக் கேட்டேன்.

"இந்த பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்துங்கம்மா."

அழுத்திவிட்டு பிரிண்டரைப் பார்த்துக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன்.

"அங்க என்னத்தைப் பார்க்கறீங்க? பேருதான் பிரிண்ட்டு. பேப்பர்லாம் வராது."

"பின்ன எதுக்கு அந்தப் பேரு?"

"பேரு வெச்சவனைத்தான் கேக்கணும். இப்ப அது படத்தை எடுத்து மனசுல வெச்சுக்கினு இருக்குது. பெயிண்ட்டுனு ஒரு புரோகிராம் இருக்குது, அதைத் திறந்து ஒட்டுனாத்தான் வெளிய வரும். ஒட்டறதுக்குள்ள இன்னொரு வாட்டி அழுத்துனீங்க, முன்ன எடுத்தது காலி."

கற்றுக்கொண்டேன். சத்தமே இல்லாமல் எடுக்கிறது. எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. சொன்னால் சுதா தலையைச் சரி செய்துகொள்வாள் என்று அவளிடமும் சொல்லவில்லை. வாரம் ஒரு படம் எடுத்து ஒட்டி, தேதியையே பெயராக வைத்துச் சேமித்தேன். போன வாரம் எல்லாவற்றையும் கலரில் அச்செடுத்து வந்து, ஆல்பத்தில் ஒட்டுவதற்காகச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தேன்.

வைத்த பிறகுதான் கண்டேன். எந்தப் படத்திலும் அவள் என்னைப் பார்க்கவில்லை. பேசுகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசு என்று கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். ஆனால் அவள் கண் எப்போதும் வலது ஓரத்தில் நின்றது. ஓடும் படத்தில் அதை இன்டர்நெட்டின் கோளாறு என்றே நினைத்திருந்தேன். வெயில் காலத்துப் படங்களிலும் அவளுக்கு முழுக்கைச் சட்டை. இதெல்லாம் போக, உங்கள் படத்தின் கண்ணாடியில், மாலைக்குக் கீழே, வெள்ளையாக ஏதோ ஒன்று.

மறுநாளே ஆட்டோ பிடித்துப் போனேன். குமுதா திரையில் அதைப் பெரிசாக்கினாள்.

"கட்டம் கட்டமாப் பிரியுதும்மா... இருங்க. யாரோ கையைக் கட்டிக்கினு நிக்கற மாதிரி இல்ல?"

"அது அலமாரி" என்றேன். என் வீட்டு விஷயத்தை இன்னொருவர் வாயால் கேட்க எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியாதா?

அவள் ஒவ்வொரு படமாகத் திறந்தாள். ஒன்றில் மட்டும் கண்ணாடி தெளிவாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் மட்டும். அந்த வாரம்தான் சுதா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு எங்கோ கதவு திறக்கும் சத்தம் கேட்டு, பாதிப் பேச்சில் போய்விட்டாள்.

"அந்த வாரம் மட்டும் அலமாரி எங்கம்மா போச்சு?" என்றாள் குமுதா. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள், அப்போது சிரிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். "மாப்பிள்ளை எங்கடி?" என்றேன்.

"மார்க்கெட்டுக்குப் போயிருக்கார்மா."

கண்ணாடியில் வெள்ளைச் சட்டை அசையாமல் நின்றது. என் விரல் அந்தப் பொத்தானை அழுத்தியது.

"அப்பா தெரியறாராம்மா?"

"தெரியறார் சுதா. என் கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பார்த்தேன். முழுசாத் தெரியறார்."

அப்போதுதான் முதல் முறையாக நேராக என்னைப் பார்த்தாள். அழவில்லை. "சரிம்மா" என்றாள். ஓரத்திலிருந்து ஓர் ஆண் கை வந்தது. திரை இருண்டுவிட்டது.

இத்தனை வாரமும் அவள் என்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், இல்லையா? கேமராவுக்கு எதிரே வரும்படி உங்களை அங்கே மாட்டியது அதற்காகத்தானா? நீங்கள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்களே, உங்களுக்கு எப்படி இருந்தது?

நாளை சென்னைக்குப் போய் ரயில் ஏறுகிறேன். யாருக்கும் தகவல் சொல்லவில்லை. நான் திரையில் வருவேன் என்று அவன் காத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டு வாசலில் நிற்பேன். படங்கள் கைப்பையில் இருக்கின்றன. இன்னொரு பிரதி குமுதாவிடம். வீட்டு மானம் என்று மூடி வைத்தால் அது அவனுக்குத்தான் வசதி. அதனால்தான் இதையும் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். ஊர் இதைப் படிக்கும்போது சுதா என் பக்கத்தில் இருப்பாள். அவளை அழைத்துக்கொண்டுதான் திரும்புவேன். சுவரிலிருந்து உங்களையும் கழற்றி எடுத்து வருவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை அந்த அறையில் அவளுக்கு உங்களைத் தவிர யாருமில்லை. அவன் மேலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

உங்கள் மனைவி,
சுதாவின் அம்மா