கதவை வெட்டிய வாரம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து பாலக்காட்டுக் காற்று, பொடித் தூறல். சூலூர் ஷெட்டில் தறிகள் ஓடிய இடத்தில் இப்போது எங்கள் கார். நானும் இவரும் மூன்று வருஷமாகக் கட்டும் ஸ்போர்ட்ஸ் கார். பழைய வேன் இன்ஜின், நான் வரைந்த இரும்புக் குழாய்ச் சட்டம், அதாவது சேசிஸ், இவர் கையால் தட்டிய அலுமினிய உடம்பு. இன்று முதல் ஓட்டம்!

லே-அவுட் ரோடு. இவர் ஓட்ட, நான் பக்கத்தில். இரண்டாவது வளைவில் என் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. பெல்ட் இல்லையென்றால் நான் ரோட்டில்.

"தாப்பாதான் சரியில்ல கண்ணு. மாத்திப்போடலாம்."

ஷெட்டுக்கு வந்து, பின்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கிப் பார்த்தேன். கதவு மூடவே மாட்டேன் என்றது. கோளாறு தாழ்ப்பாளில் இல்லை, சேசிஸே முறுக்கிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் ஓட்ட அனுமதி வாங்கியாகிவிட்டது. அதற்குள் முடியுமா?

ஜூலை 9, புதன்

நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனிக்கு லீவ் சொன்னேன். "காய்ச்சலா?" என்றார் மேனேஜர். ஆமாங்க சார்.

சேசிஸின் பின்பக்கத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினோம். முன்பக்கம் நடுவில் ஒரு முட்டு, குறுக்கே நீளக் குழாய். அதன் ஒரு முனையில் இவர் ஏறி உட்கார்ந்தார். எவ்வளவு முறுக்குகிறது என்று அளக்க மூலையில் வைத்த டயல் கேஜின் முள் சுற்றிச் சுற்றி ஓடியது. வெல்டிங் செய்து தரும் ரபீக் அண்ணன், உக்கடத்துக்காரர், சிரித்தேவிட்டார். "ஏந்தங்கச்சி, இது காரா, கயித்துக் கட்டிலா?"

மாலை, ஸ்ட்ராவும் குண்டூசியும் வைத்து ஒரு குட்டி சேசிஸ். வெறும் சதுரமாக விட்ட இடமெல்லாம் வளைகிறது. மூலைக்கு மூலை ஒரு ஸ்ட்ரா குத்தினால் கல் மாதிரி நிற்கிறது. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்!

செய்ய வேண்டியவை:
- இன்ஜினுக்கு மேல் குறுக்குக் குழாய். கழற்றி மாட்டும்படி போல்ட்டில்.
- இரண்டு சீட்டுக்கும் நடுவே தகடு.
- கதவு இருக்கும் இடத்தில், இரு பக்கமும், மூலைக்கு மூலை குழாய்.

மூன்றாவதை இவரிடம் எப்படிச் சொல்ல? அது வந்தால் கதவே கிடையாது. அந்தக் கதவுகளுக்காகத் தீபாவளியன்றுகூட ஷெட்டில் கிடந்தவர்.

ஜூலை 10, வியாழன்

சொல்லிவிட்டேன்.

"கதவில்லாம அது என்ன காரு?"

"ஏனுங்க, அன்னிக்கு நான் உழுந்திருந்தா?"

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியம் சாப்பிடவும் வரவில்லை. ரபீக் அண்ணன் இன்ஜின் மேல் குழாயும் நடுத்தகடும் முடித்தார். அருமையான வேலை. எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை. தக்காளி வாங்க மறந்தாயிற்று. ரசமும் இல்லை, பேச்சும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

நல்ல வெயில். ஷெட்டுக்குப் போனால் கிரைண்டர் சத்தம். இவர்! இடது கதவு ஏற்கெனவே தரையில். வலது கதவின் கீலை வெட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தகட்டையே குழாய்க்கு மேல போத்திப்போடலாம் கண்ணு. உள்ள நீ உக்காருற. எனக்குக் கதவா பெருசு?"

பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் இவர் கண் தெரியவில்லை. நானும் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன், அதே காரணத்துக்கு.

ஜூலை 12, சனி

வெல்டிங் முடிந்தது! மறுபடி அதே சோதனை. இவர் குழாய் முனையில் குதித்தே பார்த்தார். முள் லேசாக அசைந்து நின்றுவிட்டது. அடுத்து, பின் மூலையில் ஜாக்கி. பின் சக்கரம் எழும்பியது. சேசிஸ் முறுக்காததால் கூடவே அதே பக்கத்து முன் சக்கரமும்!

"எந்திரிச்சுருச்சு! தங்கச்சி, முன்னால பாரு!" ரபீக் அண்ணன் கையிலிருந்த வடை கீழே.

எடை கொஞ்சம் கூடிவிட்டது. போகட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

டிராக். மேகம், காற்று, மழை இல்லை. முதலில் இவர் ஓட்டினார். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே கத்தினார்: "நீ ஏறு கண்ணு! நீ ஓட்டிப் பாரு!"

துப்பட்டாவை ரபீக் அண்ணனிடம் கொடுத்தேன். புதுக் குழாயைக் கால் தூக்கித் தாண்டி உள்ளே.

பெரிய வளைவு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கப் போனேன். எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்னும் பின்னும் ஒன்றாக, ஒரே பொருளாகத் திரும்பியது. ஒரு கிரீச்சுகூட இல்லை. நான் வரைந்த கோடுகள்! வளைவு முடியும்போது கத்திக்கொண்டிருந்தேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

நிறுத்தியதும் இவர் ஓடி வந்தார். "எப்பிடிங்க அம்மணி?" இறக்கிவிடக் கை நீட்டினார்.

"தள்ளி நில்லுங்க. இன்னொரு சுத்து போயிட்டு வாரேன்."