‘உன்னோடு’ என்று சொல்லாமல் போனேன்

என் பிரியமான ஜெபமணி அண்ணா,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன் அடக்க ஆராதனையில் நான் பேசியது பாதிதான். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். முதலில் உன் மனைவி, என் மைனி கேட்கட்டும், பிறகு சபையாரும் படிக்கட்டும்.

மைனிக்கு நாளைக்கு ஆபரேஷன். இதயத்தில் அடைப்பு இருக்கிறதாம். நீ ஓய்வு பெற்றதும் உன் இடத்துக்கு வந்த ஐயர் நல்ல போதகர்தான், ஆனால் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போயிருக்கிறார். ஸ்ரீவராகம் வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் மைனியோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். நீ கிடந்த அதே ஆஸ்பத்திரி. அந்த வராந்தாவில் நடக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு பள்ளியில் என் மானம் போன நாள் நினைவிருக்கிறதா? மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்குத் தமிழ் வேதம் எழுத்துக்கூட்டித்தான் வரும். இயேசுவைத் தலைமைக் குரு என்று சொல்லும் ‘பிரதான ஆசாரியர்’ என்பதை ‘பிரதான ஆசாரி’ என்று வாசித்தேன். வாசித்ததோடு விட்டேனா? இயேசு நம்ம அப்பாவைப் போல மரவேலைக்காரர், எல்லா ஆசாரிமாருக்கும் மேஸ்திரி என்று விளக்கமும் சொன்னேன். வகுப்பே சிரித்தது, நீதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தாய். அப்பா மட்டும் அந்த வாரம் முழுக்க உளியைத் தனி மரியாதையோடு எடுத்து வைத்தார்.

குருப்பட்டம் பெற்றுப் போதகரான பிறகு நீ அதை எத்தனை பிரசங்கத்தில் சொல்லியிருப்பாய்! “என் தங்கச்சி தப்பா வாசிக்கல்ல. ரெண்டு பலகைய சேத்து நிறுத்துறவன் ஆசாரி. தேவனையும் மனுஷனையும் சேத்து நிறுத்துறவரு நம்ம பிரதான ஆசாரியரு” என்பாய். சிலுவையில் அவர் உயிர்விட்டபோது பிரதான ஆசாரியர் மட்டுமே தாண்டிப் போன ஆலயத்தின் திரை கிழிந்தது, இனி யாரும் உள்ளே போகலாம், விசுவாசிக்கிற ஒவ்வொருவரும் ஆசாரியர்தான் என்று முடிப்பாய். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆனால், அண்ணா, பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒருநாள் நான் முடிவு ஜெபம் செய்தேன். தேவ சமாதானம் ‘உங்களோடு’ இருப்பதாக என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் நீ என்னைக் கூப்பிட்டாய். “மக்கா, கையத் தூக்கி ‘உங்களோடு’ன்னு சொல்றது பட்டம் கிட்டினவங்களுக்கு உள்ளது. மத்தவங்க ‘நம்மோடு’ன்னுதான் சொல்லணும், கேட்டியா?”

கேட்டேன். அன்றிலிருந்து ஒரு தரம்கூட மாற்றிச் சொன்னதில்லை. கிழிந்த திரையைப் பற்றி அவ்வளவு பேசிய நீ, அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் மட்டும் ஏன் ஒரு துண்டுத் திரையைத் தொங்கவிட்டாய்? அன்றே கேட்டிருக்க வேண்டும். போதகரான அண்ணனிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

உன் கடைசி நாள் மத்தியானம் மைனி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். ஐயர் உன்னைப் பார்க்கக் கிளம்பிவிட்டார், ஆனால் பழவங்காடியில் வண்டி நகரவில்லை என்று போனில் சொன்னார். நீ கண்ணைத் திறந்து, “எனக்கு ஆசீர்வாதம் சொல்லு” என்றாய். நான் கைகட்டி நின்று ஜெபித்து, வழக்கம்போல ‘நம்மோடு’ என்று முடித்தேன்.

நீ தலையை அசைத்தாய். “அப்படியில்ல மக்கா. தலையில கை வையி. ‘உன்னோடு’ன்னு சொல்லு.”

நான் என்ன சொன்னேன்? “அதுக்கு எனக்குப் பட்டமில்லியே, அண்ணா. ஐயரு இப்ப வந்துருவாரு.”

“சாரமில்ல” என்றாய். பரவாயில்லை என்று சொல்ல இந்த ஊரில் நாம் நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தாலும் அதைத்தான் சொல்கிறோம். உன் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிச் சொல் அதுதான். ஐயர் வந்தபோது உன் கை சில்லிட்டிருந்தது.

ஆயிரம் பேர் தலையில் கை வைத்தவன் நீ. உன் தலையில் வைக்க ஒரு கை இல்லாமல் போனாய். பயந்துபோய்க் கேட்டாயா? இல்லை, ‘உங்களோடு’ கூடாது என்று என்னிடம் சொன்னது தப்பு என்று அப்போதுதான் தோன்றியதா? இதை நினைக்காமல் நான் தூங்கின நாள் இல்லை.

இன்றைக்கு மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயரு வரலன்னா வேண்டாம், எஸ்தரு. நாளைக்கு உள்ள கொண்டு போகும்போ நீ தலையில கை வச்சு சொன்னா மதி, அது போதும். உங்க அண்ணனையும் நீதானே ஆசீர்வதிச்சு அனுப்பினே. அத நெனச்சாத்தான் எனக்கு ஒரு ஆசுவாசம்” என்றார்.

ஆமாம், மைனி அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். “ஆசீர்வாதம் சொன்னியா?” என்று அன்று கேட்டபோது தலையாட்டிவிட்டேன். இன்றும் பழக்கதோஷத்தில் “ஐயரு வரட்டும்” என்றுதான் வாய் திறந்தது. பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பலகையைச் சேர்க்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு உளி என்னுடையது இல்லை என்று சொன்னவள் நான். அப்பா இருந்திருந்தால் என் முகத்தில் விழித்திருக்க மாட்டார்.

நாளைக்குக் காலையில் மைனியின் தலையில் கை வைப்பேன், அண்ணா. நர்ஸ்மார் பார்த்தாலும் சரி, சபையில் யார் முணுமுணுத்தாலும் சரி, ‘உங்களோடு’ என்று சத்தமாகச் சொல்வேன். மைனி பிழைத்து வீட்டுக்கு வந்ததும் இந்தக் கடிதத்தை நானே வாசித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகு என்னோடு பேசுவாரோ மாட்டாரோ, தெரியாது.

நீ கேட்ட சொல் மைனிக்குக் கிடைத்துவிடும். உனக்குக் கிடைக்காது. அதற்கு நான் என்ன செய்வேன்?

‘சாரமில்ல’ என்று நீ மன்னித்துவிட்டுப் போன
உன் தங்கச்சி,
ஆசாரி மகள் எஸ்தர்