சட்டைப்பையில் பதினோராவது விதை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கால்தான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

பாலைவனத்து அவரை இனம் ஒன்று அழிந்துகொண்டிருக்கிறது. எங்கள் விதை வங்கியில் மிச்சம் பதினோரு விதைகள்தான். தோல் கல் மாதிரி இருக்கும். உரசி, ஊறவைத்து, தட்டில் பரப்பிவிட்டு, இருபது நாளாக நாற்காலிக்கும் தட்டுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். "நீ முறைச்சா அது முளைச்சிடுமா? போய் உட்காரும்மா" என்கிறார் எங்கள் வங்கியின் தலைவி.

இதில் ஒரு விதையை நான் தொலைத்துவிட்டேன். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை, திட்டுதான் வயிறு முட்டக் கிடைத்தது. சட்டைப்பையில் போட்டு மறந்திருக்கிறேன். அந்தச் சட்டையை மெஷினில் வெந்நீரில் துவைத்து, காயப்போடாமல் நான்கு நாள் ஈரத்தோடு வாளியிலேயே விட்டுவிட்டேன். நேற்று எடுத்தால், பையிலிருந்து வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்க்கிறது! தட்டிலிருக்கும் பத்தும் இன்னும் அசையவில்லை.

நீங்கள் இங்கே இருந்திருந்தால், "பையில என்னடி வச்சிருக்க?" என்று துழாவிவிட்டுத்தான் நனைத்திருப்பீர்கள். அன்றைக்கே காயவும் போட்டிருப்பீர்கள். அது முளைத்தே இருக்காது.

பைக்குப் பொத்தான் வைத்த சட்டை இரண்டு அனுப்புங்கள். கொடியில் மாட்டும் கிளிப்பும் வேண்டும். அப்புறம், போனில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள். துணி காயப்போட்டாயா என்று ஒரு தடவை அதட்டுங்கள்.

தலைவி கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்

பி.கு.: முளையைப் பத்திரமாக எடுத்துவிட்டேன். சட்டை மட்டும் இன்னும் வாளியில்தான் இருக்கிறது.