முதல் பெயர்

அக்கா,

இன்று காலை எங்கள் தொழிற்சாலைப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு புதுப் பசை மாதிரி வந்தது. டின் மூடியை நெம்பித் திறந்ததும் விளக்கெண்ணெய் வாசனை. உடன் இருந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். நான் இன்னும் கொஞ்சம் குனிந்து முகர்ந்தேன். ஒரகடத்தில், ஏசிக் குளிரில், உடைத்துப் பார்க்க வைத்திருக்கும் பம்பர் துண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டேன். மனதுக்குள் பேசியது போதாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் ஆராய்ச்சிக் குழுவுக்குத் துறையில் 'விளக்கெண்ணெய் கோஷ்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். குழு என்ன பெரிய குழு? சாரையும் சேர்த்து நான்கு பேர். நீ கோவில்பட்டியிலிருந்து வந்து எங்களுக்கு முன்பே சேர்ந்தவள். நான் வாலாஜாபாத். பாஸ்கர் மண்ணூர்க்காரன். பாலிமர் வேதியியல் படித்தால் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்குப் பிடித்த பெயிண்ட், பேட்டரி என்று ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தபோது, நீ மட்டும் விளக்கெண்ணெயிலிருந்து ரப்பர் ஒட்டும் பசை செய்வேன் என்று நின்றாய். சாரும் சொல்லிப் பார்த்தார்.

"மார்க்கெட்ல இருக்கிற பசையெல்லாம் பெட்ரோலியத்துல இருந்து வருதும்மா. நீ செக்கெண்ணெய வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"ஒட்டிக் காட்டுதேன் சார்," என்றாய்.

ஒட்டவில்லை. எண்ணெயில் துளி ஈரம் இருந்தாலும் பசை பொங்கி நுரைத்துவிடும். மழைக்காலம் முழுக்க உன் பீக்கர்களில் மஞ்சள் நுரை எழும்பி அப்படியே இறுகி நின்றது. பக்கத்து லேபிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, இட்லி வெந்துடுச்சா?" என்பார்கள். "வெந்ததும் கூப்பிடுதேன், சட்னியோட வாங்க," என்பாய். நுரையைச் சுரண்டி எறிவாய். காற்றை உறிஞ்சிவிட்டுச் சூடாக்கும் அந்த அடுப்பில் மறுபடி எண்ணெயை வைப்பாய். அதிலும் நுரைத்தால் இன்னும் கூடுதல் நேரம் வைப்பாய்.

வேறு தலைப்புக்கு மாறிவிடலாமே என்று ஒருநாள் கேட்டேன். நீ கோபப்படவில்லை. "ஏட்டி, பிடிக்கலன்னா மாறலாம். சிரிக்கிறாங்கன்னு மாறக் கூடாது," என்றாய்.

ஒட்டிய நாளும் வந்தது. இரண்டு ரப்பர் பட்டைகளை உன் பசையால் ஒட்டி, பாஸ்கர்தான் இழுவை இயந்திரத்தில் மாட்டினான். ஒட்டிய இடம் பிரியும் என்று மூன்று பேரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தோம். படாரென்று சத்தம். பாஸ்கர் துள்ளிக் குதித்தான். "யக்கா! ரப்பரு கீஞ்சிடுச்சு, பசை வுடல!" நீ சிரிக்கக்கூட இல்லை. "இன்னொன்னு மாட்டு," என்றாய். அதுவும் கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது. அதன் பிறகுதான் கையுறையைக் கழற்றிவிட்டு, நேராகப் பக்கத்து லேபுக்குப் போய், "இட்லி வெந்துட்டு. வாங்க," என்று சொன்னாய். அவர்கள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆய்விதழுக்கு அனுப்ப அதைப் பற்றிய பேப்பரைப் பாதி எழுதியிருந்தாய். அப்போதுதான், தண்டலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தபோது, லாரி மோதிப் போய்விட்டாய். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அந்தச் சாலைக்கு இவ்வளவு இடம் கொடுத்ததே அதிகம்.

சார் கெட்டவர் அல்ல. உன் உடலைக் கோவில்பட்டிக்கு அனுப்பிய அன்று வேன் பின்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனால் சில மாதம் கழித்து எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, நீ பாதியில் விட்டதைத் தானே முடித்துவைத்திருந்த பேப்பரை நீட்டினார். முதல் பெயர் பாஸ்கர். அடுத்து நான், கடைசியில் அவர். உன் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இரண்டு வரியில் இருந்தது.

பாஸ்கர் நிமிர்ந்து பார்த்தான். "இன்னா சார் இது? அக்கா பண்ணதாச்சே."

"தெரியும்ப்பா. அவளுக்கு இனிமே டிகிரியா வரப்போகுது? உனக்கு மாசாமாசம் வர்ற ஸ்டைபண்டு முடியப்போகுது. முதல் பேரா ஒரு பேப்பர் இல்லாம நீ தீசிஸ் குடுக்க முடியாது. பிராக்டிகலா யோசி."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பாஸ்கர் வீட்டில் அவன் அம்மா ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மகன் எப்போது முடிப்பான் என்று அந்த வீடே காத்திருந்தது. நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டான். "எனக்கு வேணாம் சார். வேற எதுனா செஞ்சுக்கறேன்."

"எனக்கும் சம்மதம் இல்ல சார்," என்றேன்.

பெயர் போடப்பட்ட ஒவ்வொருவரும் சம்மதம் சொன்னால்தான் ஆய்விதழ் பேப்பரை எடுத்துக்கொள்ளும். நாங்கள் சொல்லவில்லை. சார் எங்களோடு பேசுவதை நிறுத்தினார். எங்கள் அறிக்கைகள் கையெழுத்தாகாமல் அவர் மேசையில் கிடந்தன. துறையில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். "செத்தவளுக்கு எதுக்குப் பேரு? இருக்கிறவன் பிழைக்கட்டும்." என் அம்மாவும் அதையேதான் சொன்னாள். "உனுக்கு இன்னாத்துக்குடி இந்த வம்பு?" நாங்கள் தினமும் லேபுக்குப் போனோம். உன் மேசையைக் காலி செய்யச் சொன்னபோது செய்யவில்லை. பாஸ்கர் அதில் உட்கார்ந்து புது ஆராய்ச்சியைத் தொடங்கினான்.

வருடாந்திர ஆய்வுக் கூட்டம் வந்தது. வெளியிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். குழுவின் வேலை என்று பசையைப் பற்றிப் பேசும்படி பாஸ்கருக்கு சார் ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். அவன் எழுந்து திரையில் படங்களைப் போட்டான். முதல் படத்தில் உன் பெயர், பெரிய எழுத்தில். துறை முழுக்க உட்கார்ந்திருந்தது.

"இது நான் பண்ண வேலை இல்ல மேடம். மிஷின்ல மாட்டி இழுத்தது மட்டுந்தான் நானு. செஞ்சது இவங்க."

"இவங்க வரலையா?"

"இறந்துட்டாங்க மேடம்." திரையில் இருந்த உன் பெயரைத் திரும்பிப் பார்த்தான். அதோடு நிறுத்தவில்லை. "அதுக்குன்னு செஞ்சது இல்லன்னு ஆயிடுமா?"

பேராசிரியை சார் பக்கம் திரும்பினார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"ஆமா மேடம். அந்தப் பொண்ணோட வேலைதான்."

"அப்போ பேப்பர் அவங்க பேர்லதானே போகுது?"

சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவ பேர்லதான் போகுது," என்றார் சார்.

போனது. முதல் பெயராக உன் பெயர், அதன் தலையில் ஒரு சிறு சிலுவைக்குறி, கீழே, இவர் இறந்துவிட்டார் என்ற விளக்கம். இந்தக் கடிதத்தில் உன் பெயரை நான் எழுதவில்லை. வேண்டியவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதெல்லாம் சும்மா கிடைக்கவில்லை, அக்கா. பாஸ்கர் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டே புது ஆராய்ச்சியை முடித்தான். பட்டம் வாங்கத் தாமதமானாலும் வாங்கிவிட்டான். எனக்குப் பட்டம் கிடைத்தது, சாரின் பரிந்துரை கிடைக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போகும் ஆசை அதோடு முடிந்தது. அதனால்தான் ஒரகடத்தில் இருக்கிறேன். ஒரு பெயருக்காக வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டாயே என்று இன்னமும் யாராவது கேட்கிறார்கள். என் வாழ்க்கை கெட்டுப்போனதாக எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சம்மதம் சொல்லியிருந்தால் கெட்டிருக்கும். இன்று மறுபடி அந்த அறையில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அதே பதிலைத்தான் சொல்வேன், கொஞ்சம் சத்தமாக.

போன மாதம் பாஸ்கர் போனில் ஒரு பக்கத்தின் படம் அனுப்பினான். வடக்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் உன் முறைப்படி பசை செய்து பார்த்திருக்கிறார்கள். ஒட்டியிருக்கிறது. ஆய்விதழ்களில் இன்னொரு பேப்பரைக் குறிப்பிடும்போது அதை எழுதியவர்கள் எல்லோரையும் போட மாட்டார்கள் அல்லவா, முதல் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பக்கத்தில் 'மற்றும் பிறர்' என்று முடித்துவிடுவார்களே, அப்படித்தான் இருந்தது. உன் பெயர், மற்றும் பிறர். படத்துக்குக் கீழே பாஸ்கர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்:

"பிறர்னா நாமதாம்மே."

நாங்கள்தான், அக்கா. அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.