இரண்டு இலக்க மோரிஸ் மைனர்

ஞாயிறு, இரவு

இன்று சுங்காயில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? எனக்கே தெரியவில்லை.

பழைய கார் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, உனக்குத்தான் அதெல்லாம் தெரியும் என்று தம்பி குமார் என்னை ஈப்போவிலிருந்து அந்த ஊருக்குக் கூட்டிப் போனான். காரை விற்கும் மாணிக்கம் அண்ணனின் மோரிஸ் மைனர் துருவே இல்லாமல் அசலாக இருந்தது. சுவிட்சைத் தள்ளியதும் கதவுக்குப் பக்கத்திலிருந்து சின்னக் கைபோல சிக்னல் வெளியே நீண்டது. மனம்விட்டுப் பாராட்டினேன். நான் எதையும் எளிதில் பாராட்டுகிறவள் இல்லை.

அவர் முகம் மலர்ந்தது. "இப்படிப் பார்க்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் குடுக்கணும்னு இருந்தேன். மழையில மட்டும் விட்டுடாதீங்க தம்பி."

"சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்குவேன் அண்ணே," என்றான் குமார்.

அவர் வண்டிப் பத்திரம் எடுக்க உள்ளே போனதும் என் காதருகே சிரித்தான். "காரு யாருக்கு வேணும்லா? நம்பரப் பாரு, ரெண்டே இலக்கம், இந்த மாதிரி நம்பருக்குத்தான் மவுசு. அதை என் புது வண்டிக்கு மாத்திட்டு, இதை இரும்புக் கடையில தள்ளிடுவேன். நல்லா பேசுன அக்கா!"

அவர் திரும்பி வந்து, நாளைக் காலையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டுக் குமாரின் வண்டியில் ஏறினேன். என் வாயை வைத்தே அவரை ஏமாற்றியிருக்கிறான். ஈப்போ வரும்வரை பாட்டு வேறு போட்டான், ராஸ்கல்.

திங்கள். ஏழு மணிக்கு மாணிக்கம் அண்ணனைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். ஒன்பது மணிக்குக் குமார் கூப்பிட்டான். "கேட்டைத் திறக்க மாட்டேங்கிறாரு. நீதான் சொன்னியா?"

ஆமாம் என்றேன்.