இருபது கேள்வியும் ஒரு தையல் மெஷினும்

1997 ஆகஸ்ட் 4, திங்கள்

செட்டியார்பட்டியிலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தேன். அங்கே இளைஞர் சங்கத்தில் யாருக்கு எந்தத் தொழில் ஒத்துவரும் என்று கம்ப்யூட்டர் வைத்துச் சொல்கிறார்கள். அது சொல்கிற தொழிலுக்கு மூன்று மாதம் நேரில் பயிற்சி. எனக்கு வேண்டியது மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பயிற்சி ஒன்றுதான். ராஜபாளையம் பட்டறையில் நடக்கிறது. ஆறே பேருக்கு இடம்.

செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். பெயர், வயது, ஆணா பெண்ணா என்று கேட்டபின் இருபது கேள்வி, எல்லாவற்றுக்கும் எண்ணால் பதில். செயலாளர் தனுஷ்கோடி அண்ணாச்சி கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்தார். நான் சொன்ன எண்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டேன். "எதுக்கும்மா எழுதுத?" என்றார். சும்மாதான் என்றேன். முன்பின் தெரியாதவர்களை அப்படியே நம்புகிற ஆள் இல்லை நான்.

பிரிண்டர் கிறீச்சிட்டுத் தாளைத் தள்ளியது. தையல்.

ஊசியில் நூல் கோக்கக்கூட எனக்குப் பொறுமை கிடையாது. வீட்டு மிக்ஸியை மூன்று முறை பிரித்துச் சரிசெய்தவள் நான். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "கம்ப்யூட்டருக்கு வேண்டியவுக வேண்டாதவுகன்னு உண்டாம்மா?" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு இடத்தையும் சொந்தக்காரப் பையன்களுக்கு முன்பே பேசி முடித்திருப்பார்.

ஆகஸ்ட் 6

எங்கள் ஊர்ச் சண்முகத்தாய்க்கும் தையல். கான்சாபுரத்திலிருந்து வந்த கருத்தம்மா மாடு வளர்க்கப் படிக்க வேண்டும் என்றிருந்தாள். அவளுக்கும் தையல். இத்தனை பேர் தைத்தால் யார்தான் உடுத்துவது?

ஆகஸ்ட் 7

புரோட்டா வாங்கித் தருகிறேன் என்று சொல்லித் தம்பி சோலைராஜைச் சங்கத்துக்கு அனுப்பினேன். கையில் என் இருபது எண்கள். "மாட்டிக்கிட்டா என்னக்கா செய்ய?" என்று பயந்தான். வேறு ஒரு வார்த்தை பேசாதே என்றேன்.

அதே நாள், மாலை

மோட்டார் காயில் கட்டுதல். மிகப் பொருத்தம் என்று வேறு போட்டிருக்கிறது.

என் பதில். ஒரு எண்கூட மாறலை. நான் என்ன தப்பாச் சொன்னேன்? பொண்ணுன்னு சொன்னேன், அம்புட்டுத்தானே?

ஆகஸ்ட் 8

சண்டைக்குத்தான் போனேன். இரண்டு தாளையும் மேசையில் வைத்தேன். அண்ணாச்சி என் எண்களை மறுபடி தட்டினார். பெண் என்றால் தையல். ஆண் என்றால் காயில். மூன்று தடவை தட்டிப் பார்த்தார்.

"புரோகிராம் மெட்ராஸ்ல இருந்து வந்தது, வெள்ளைத்தாயி. எனக்குத் தட்டத்தான் தெரியும்." பிறகு, "என் மகளுக்கும் தையல்னுதான் வந்துச்சு. மாட்டேன்னு அழுதா. கம்ப்யூட்டர் சொல்லுதேன்னு நாந்தான் அனுப்பி வச்சேன்" என்றார்.

நடிக்கிறாரா? தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 11

தம்பிக்கு வந்த இடத்தை எனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். தையல் வந்த பெண்களையும் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். புரோகிராமை மாற்றி எழுதச் சொல்லி மெட்ராஸுக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் வரும்வரை யார் வந்தாலும் ஆண் என்றே தட்டப் போகிறாராம். இதில் என்ன உள்குத்து இருக்கிறதோ.

நவம்பர் 3

நான் காயில் கட்டிய மோட்டார் புகையாமல் ஓடியது. பட்டறைக்கார முத்துவீரன் அண்ணன் பாராட்டவில்லை. அடுத்த மோட்டாரை என் பக்கம் தள்ளிவிட்டார்.

1998 பிப்ரவரி 16

மெட்ராஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை. 'உங்கள் கிளையில் ஆறு மாதமாக ஒரு பெண்கூடச் சேரவில்லை. பெண்களை ஒதுக்கும் கிளையை மூடுவது குறித்து யோசிக்கிறோம்.'

அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "இதுக்கு என்னத்த எழுத, தாயி?"

எழுத வேண்டாம் என்றேன். கருத்தம்மா, சண்முகத்தாய், ஆண் என்று தட்டிப் பல தொழிலிலும் சேர்ந்த இன்னும் ஒன்பது பெண்கள். எல்லோரையும் பட்டறை வாசலில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தோம். கிரீஸும் சாணியும் அப்பிய கையை யாரையும் கழுவ விடவில்லை நான்.

போட்டோவை நம்பாவிட்டால் நேரில் வந்து பார்க்கவும் என்று பின்பக்கத்தில் எழுதி, என் பெயரைப் போட்டு, நானே தபாலில் சேர்த்தேன்.