அப்பா படுத்திருந்த நாட்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இந்தக் கடிதத்தில் அப்படி எழுதப் போவதில்லை. நீ ஃபோனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீ என்ன கேட்டாலும் 'ம்' தவிர எனக்கு எதுவும் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு வாஷிங் மெஷினை மாடிக்கு ஏற்றும்போது அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. படியில் தூக்கும்போது கீழே நிற்பவருக்குத்தான் பாரம் அதிகமாம். அப்பா எப்போதும் தன்னோடு வேலை செய்யும் மொட்டை மாமாவை மேலே விட்டுவிட்டு, தான் கீழே நிற்பார். அன்று மாமாதான் வேனில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார். 'மெஷின டெலிவரி பண்ணப் போயி, கடைசில உங்களையே டெலிவரி பண்றேனே அண்ணே' என்று வழியெல்லாம் சிரிக்க வைத்தாராம். சிரித்தால்தான் இன்னும் வலித்ததாம்.

'அம்மாகிட்ட மூச்சு விடாத, வேலைய விட்டுட்டுக் கெளம்பி வந்துடுவா' என்றார் அப்பா. நானும் விடவில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், அசையாமல் படுப்பது. சாப்பாடு கட்டிலுக்கே போனது. தண்ணீர் டம்ளரைக்கூட எட்டி எடுக்க விடவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்தும் இருந்தது. நீ வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து, தையல் கடையில் பட்டன் தைத்துவிட்டு வந்தால் வீடு பூட்டியிருக்கும். இப்போது கதவைத் திறந்ததும் 'யாரு, டீச்சரம்மாவா?' என்று குரல் வரும். படிப்பை விட்டவளை அப்படிக் கூப்பிட்டால் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஆனால் அவர் கட்டிலிலிருந்து எழுந்து நிற்க நாளுக்கு நாள் அதிக நேரம் ஆனது. படுக்கப் படுக்க உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

பாரம் தூக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் சேர்ப்போம், இல்லையென்றால் வேறு ஆள் போடுவோம் என்று அப்பா வேலை பார்க்கும் கடையில் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலி எப்படி இருக்கிறது என்று டாக்டரம்மா கேட்டதும், 'சுத்தமா இல்லம்மா. இப்பவே இந்த மேசையத் தூக்கிக் காட்டவா?' என்றார் அப்பா. டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதப் போனார்.

உனக்கே தெரியும், நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கிருந்து வந்ததோ, 'காலைல நான்தான் சாக்ஸ் மாட்டி விடுறேன், அவரால குனிய முடியல' என்று சொல்லிவிட்டேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு, ஷூவைக் கழற்றுங்கள் என்றார். அப்பா கழற்றவில்லை.

அப்புறம் காலைத் தூக்கச் சொல்லி, தட்டிப் பார்த்து, நரம்பில் கோளாறு இல்லை, சதைப்பிடிப்புதான், பயப்படாதீர்கள் என்றார். திட்டு எனக்குத்தான். 'படுக்க வச்சே கெடுத்துட்டியேம்மா' என்றார். கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டுமாம். ஒரே இடத்தில் வெகுநேரம் உட்காரக்கூடாதாம். லேசாக வலித்தாலும் அன்றாட வேலைகளைச் செய்யலாமாம். பாரம் மட்டும் இப்போதைக்குக் கூடாதாம்.

பஸ்ஸில் அப்பா வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கடையில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள், அம்மா. என் வாயால்தான். 'வந்தவன் கீழ நிக்கவே மாட்டேங்கறான். என் முதுகு போறதுக்குள்ள நடந்து வந்து சேருங்க அண்ணே' என்று மாமா சொல்லிவிட்டுப் போனார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் மறுநாளே நடக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் மருந்துக்கடை வரைக்கும். இப்போது பூங்கா வாசல்வரை போகிறார். நான் பின்னாலேயே போகிறேன். திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் நான் பின்தங்கினால் நின்றுவிடுகிறார்.

நேற்று கதவைச் சாத்திக்கொண்டு, தானே சாக்ஸ் போட்டார். உள்ளே முனகல் கேட்டது, வெகுநேரம் ஆனது. நான் வெளியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேனே தவிர உள்ளே போகவில்லை. வெளியே வந்தவரின் ஒரு காலில் சாக்ஸின் உள்பக்கம் வெளியே இருந்தது. பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

நீ கிளம்பி வந்துவிடாதே. நான் சமாளித்துக்கொள்கிறேன். அங்கே நீ பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது தனியாகத் தூக்காதே, யாரையாவது கூப்பிட்டுக்கொள்.

ஒன்றே ஒன்று செய். அடுத்து பேசும்போது 'இடுப்பு எப்படி இருக்கு' என்று அப்பாவிடம் கேட்காதே, பொய் சொல்வார். 'இன்னிக்கு எதுவரைக்கும் நடந்தீங்க' என்று கேள். நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால் தெரியட்டும், ஏற்கெனவே கோபமாகத்தானே இருக்கிறார். அவர் சொல்லி முடித்ததும், கூட யார் வந்தார்கள் என்றும் கேள். என்ன சொல்கிறார் என்று நான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மகள்